வீட்டாரும் சமூகப் பணியாளரும்



பிறர் பெற்ற பிள்ளையைத் தம் பிள்ளையாக ஏற்று வளர்ப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. ஆனால் முன்னாளில் அது பெரும்பாலும் உறவினருக்குள்ளேயே நடந்தது. குலம் விளங்க வேண்டும், சொத்துக்கு ஓர் உரியவன் வேண்டும் என்று தாயாதியின் மகனைத் தத்தெடுத்தார்கள். கொடுப்பவரும் கொள்பவரும் ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர்கள். அங்கே மூன்றாமவருக்கு வேலை இல்லை.

இன்று நிலை வேறு. 1956ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்புச் சட்டம், பெண் குழந்தையையும் தத்தெடுக்க வழிவகுத்தது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமோ, பெற்றோரை இழந்த, கைவிடப்பட்ட, அல்லது பெற்றோரால் ஒப்படைக்கப்பட்ட குழந்தைகளை எச்சமயத்தாரும் தத்தெடுக்க இடந்தருகிறது. இச்சட்டத்தின் வழியே வீட்டுக்கு வரும் குழந்தையைப் பெரும்பாலும் அக்குடும்பம் முன்பு கண்டதில்லை. குழந்தையும் அக்குடும்பத்தை அறியாது. ஆகவே, இரு சாராரையும் அறிந்த ஒருவர் நடுவே நிற்க வேண்டியிருக்கிறது. அவர்தாம் சமூகப் பணியாளர்.

தத்தெடுக்க விரும்புவோர் முதலில் மத்திய தத்துவள ஆதார அமைப்பாகிய 'காரா'வின் இணையத்தளத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பின்னர் சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து, இல்ல ஆய்வு அறிக்கை எழுதுகிறார். அவ்வறிக்கை மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். முறை வரும்போது குழந்தையைப் பற்றிய விவரங்களும் மருத்துவ அறிக்கையும் காட்டப்படுகின்றன. முன்னர் நீதிமன்றம் பிறப்பித்த தத்து ஆணையை, 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியர் பிறப்பிக்கிறார். குழந்தை வீட்டுக்கு வந்தபின் இரண்டு ஆண்டுகள் வரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பணியாளர் வந்து நலம் விசாரிக்கிறார்.

காத்திருக்கும் காலம் ஆண்டுக்கணக்கில் நீளக்கூடும். அதனால், சொந்த ஊரில் தெரிந்த மருத்துவமனை மூலம் எளிதாக முடித்துக்கொள்ளலாம் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். ஆதரவற்ற குழந்தையை இம்முறைகளை மீறிப் பெறுவது, மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். விலை பேசி வாங்கினால் தண்டனை இன்னும் கடுமையாகும். அதனினும் கொடியது, பிள்ளையைப் பிரிய மனமில்லாத ஒரு தாயிடமிருந்து அக்குழந்தை பறிக்கப்பட்டிருக்கலாம் என்பது. முறைப்படி ஒப்படைக்கும் பெற்றோருக்கு, மறுபடி எண்ணிப் பார்க்கச் சட்டம் இரண்டு மாத அவகாசம் தருகிறது. அந்த அவகாசம் தரகர்களிடம் இல்லை.

இனி, இல்ல ஆய்வுக்கு வருவோம். பணியாளர் வருகிறார் என்றதும் பெண் பார்க்க வருவது போல வீடு பரபரப்படைகிறது. இருக்கும் குறைகளை எல்லாம் மறைத்துவிட்டு, நல்லவற்றை மட்டும் காட்டத் தோன்றுகிறது. பிற மாநிலங்களில் வாழும் நமக்கு மறைக்கத் தோன்றுபவை சற்று மிகுதி. வாடகை வீடு, அடிக்கடி மாற்றலாகும் வேலை, தாத்தாவும் பாட்டியும் ஆயிரம் கல்லுக்கு அப்பால். ஊரிலுள்ள பெரியவர்களுக்குத் தத்தெடுப்பதில் சம்மதமில்லாமலும் இருக்கலாம். இவற்றைச் சொன்னால் வாய்ப்புப் போய்விடுமோ என்று அஞ்சுகிறோம். உண்மையில், சொல்லாமல் விட்ட குறைதான் பின்னால் துன்பம் தருகிறது. பாட்டியின் மனக்கசப்பு முன்பே தெரிந்திருந்தால், குழந்தை வருமுன்னரே அவரிடம் பேசிப் பார்க்கப் பணியாளர் உதவக்கூடும். குழந்தை வந்தபின் அது வெளிப்பட்டால், அதன் பாரம் முழுவதும் குழந்தையின் தலையில் விழுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். புனேயில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு, காப்பகத்தில் வளர்ந்த ஐந்து வயதுப் பெண் குழந்தை வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்குத் தெரிந்தது மராத்தி. முதல் நாளே எல்லோரும் தமிழில் பேசினால் அவள் வாயடைத்துப் போவாள். அவளுடைய சொற்கள் சிலவற்றை வீட்டார் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். தமிழ் மெல்ல வரும். இரவில் அவள் சப்பாத்தியைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறாள். தாய் இதைத் திருட்டு என்று எண்ணி வருந்துகிறாள். 'அடுத்த வேளை உணவு நிச்சயம் என்று அவள் மனம் இன்னும் நம்பவில்லை. கண்டிக்க வேண்டாம், கைக்கெட்டும் இடத்தில் எப்போதும் தின்பண்டம் வையுங்கள்' என்று பணியாளர் விளக்குகிறார். இது பணியாளரின் அறிவு. ஆனால் விளக்கை அணைத்தால் அவள் நடுங்குகிறாள் என்பதைக் கண்டறிவது தாயின் அறிவு. அது எந்தக் கோப்பிலும் எழுதப்பட்டிருக்காது. இரண்டு அறிவும் ஒன்று சேர்ந்தால்தான் அக்குழந்தை தேறுவாள்.

ஆகவே, பணியாளருக்கும் ஒரு கடமை உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து, படிவத்தை நிரப்பிக்கொண்டு போவது போதாது. பெற்றோர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். குழந்தையைப் பற்றித் தெரிந்த உடல்நலக் குறைவையோ, பட்ட துன்பத்தையோ மறைக்கலாகாது. எதிர்பாராத சுமையைத் தாங்கமாட்டாமல் குழந்தையைத் திருப்பி அனுப்பும் குடும்பங்களும் உண்டு. அப்போது அக்குழந்தை இரண்டாம் முறை கைவிடப்படுகிறது.

தத்தெடுப்பது நிலையான உறவு. வளர்ப்புப் பராமரிப்பு என்பது அத்தகையதன்று. அங்கே குழந்தை ஒரு குடும்பத்தில் சில காலம் வாழ்கிறது. குழந்தைகள் நலக் குழுவின் அனுமதியோடு பெற்றோர் வந்து பார்க்கலாம். அவர்கள் நிலை சீரடைந்தால் குழந்தை அவர்களிடமே திரும்பலாம். அன்பு காட்டி வளர்த்துப் பின் அனுப்பிவைப்பது எளிதன்று. வளர்ப்புத் தாயும், பெற்ற தாயும், பணியாளரும் ஒருவரையொருவர் போட்டியாளராகக் கருதாதிருந்தால்தான் அது கைகூடும்.

இறுதியாக, பிறப்பைப் பற்றிய உண்மை. கர்ணன் தன் பிறப்பைப் போர் மூளும் வேளையில் அறிந்தான். அவ்வறிவு அவனுக்கு ஆறுதல் தரவில்லை. அவ்வளவு காலம் கடத்தாதீர்கள். சிறு வயதிலேயே, கதை சொல்வது போலச் சொல்லிவாருங்கள். எந்தச் சொற்களால் சொல்வது என்று தயங்கினால் பணியாளரிடம் கேளுங்கள். வேறு ஊருக்கு மாற்றலானால் புது முகவரியை மறவாமல் தெரிவியுங்கள். அந்தப் புதிய ஊரிலும் குழந்தையைப் பற்றி அறிந்து ஆலோசனை கூற ஒருவர் வேண்டுமல்லவா? உற்றார் தொலைவில் இருக்கும் நமக்கு, அத்தகையவர் ஒருவர் வாசலுக்கு வருவது பாரமன்று, துணையாகும்.