சாவி யார் கையில்?



நவம்பர் 14 வந்தால் நூலக வாரம் தொடங்கிவிடும். பதாகை கட்டுவோம், பேச்சுப்போட்டி வைப்போம். வாசிப்பின் பெருமையை வீட்டில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். பிள்ளைகள் மனப்பாடம் செய்து வந்து முழங்குவார்கள். கைதட்டுவோம். பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதில் இந்த மண்டபத்தில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எதைப் படிப்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும் என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் முகம் மாறும். அந்தப் பாதிப் பேரிடம்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

ஓட்டலுக்குப் போனால் தோசையா, பூரியா என்று பிள்ளையைக் கேட்கிறோம். தீபாவளித் துணிக்கு நிறத்தைக் கேட்கிறோம். புத்தகக் கடையில் மட்டும் நாமே எடுத்து, நாமே பணம் கட்டி, 'இதைப் படி, பொது அறிவு வளரும்' என்று கையில் திணித்துவிடுகிறோம். அது அலமாரியில் பத்திரமாக இருக்கும். எடுத்தவர் வேறு ஒருவர் என்பதால், அதைத் திறந்து பார்க்கும் ஆவலும் பிள்ளைக்கு இருக்காது.

நம் பள்ளிகளில் புத்தகம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கிறது. இரும்பு பீரோவுக்குள் இருக்கிறது. பீரோவின் சாவி மேசை இழுப்பறையில், இழுப்பறையின் சாவி தலைமையாசிரியரிடம். பொறுப்பாசிரியரைக் குறை சொல்லப் போவதில்லை. அவர் பயம் எனக்குப் புரிகிறது. இருப்புப் பதிவேட்டில் 412 என்று எண் போட்ட புத்தகம் தணிக்கையின்போது இல்லையென்றால், யார் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயம் அது. ஆகவே பூட்டுகிறார். பூட்டிய பீரோவில் ஒன்றும் தொலையாது, கறையான் வரும்வரை. தணிக்கைக்கு வருகிற அதிகாரிகளிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. எத்தனை புத்தகம் குறைகிறது என்று கேட்கிறீர்கள், கேளுங்கள். எத்தனை புத்தகம் கசங்கியிருக்கிறது என்றும் கூடவே கேளுங்கள். ஒன்றுகூடக் கசங்காத பள்ளிக்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை அனுப்புங்கள்.

இந்தப் பூட்டைப் பற்றி யோசித்தவர் நம் ஊர்க்காரர். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். அதற்கு முன்னால் அவர் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? கணக்கு வாத்தியார். நூலகப் பாடவேளையைக் கணக்கு வாத்தியார்கள் வாங்கிக்கொள்கிறார்கள் என்று பிள்ளைகள் புலம்புகிறார்களே, இந்த நாட்டு நூலகத் துறை அதற்குப் பதிலாக ஒரு கணக்கு வாத்தியாரையே எடுத்துக்கொண்டுவிட்டது! (சிரிக்கலாம், இங்கே கணக்காசிரியர்கள் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.)

1931இல் அவர் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்து நூலாக வெளியிட்டார். முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே. அதை விளக்கும்போது, ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த கதையைச் சொல்கிறார். நம் பீரோவுக்கும் அந்தச் சங்கிலிக்கும் என்ன வித்தியாசம்? இரண்டாவது, மூன்றாவது விதிகள் ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் என்று சொல்கின்றன. நூலுக்கு அதன் வாசகர் கிடைக்க வேண்டுமென்றால் அடுக்குகளைத் திறந்துவிட வேண்டும், வாசகர் தாமே உள்ளே போய்த் தொட்டு, புரட்டி, எடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். சும்மா எழுதி வைக்கவில்லை, தம் பல்கலைக்கழக நூலகத்திலேயே அப்படித் திறந்து காட்டினார். அதே 1931இல் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1948இல் சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம். வீட்டு வரியோடு நீங்கள் கட்டுகிறீர்களே நூலக வரி, அது அந்தச் சட்டத்தின் வழி வந்தது. இந்தக் கட்டடத்தில் இருக்கிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் உங்கள் வீட்டுப் பணம் போயிருக்கிறது. உங்கள் பிள்ளை அதைத் தொடுவதற்கு யாரைக் கேட்க வேண்டும்?

சரி, திறந்துவிட்டோம். பிள்ளை என்ன எடுக்கும்? படக்கதை எடுக்கும். ஒரு தாயார் கேட்டார்கள்: "ஏங்க, எப்பப் பார்த்தாலும் பொம்மை போட்டதையே எடுக்கிறான், எழுத்தே படிக்க மாட்டேங்கிறான்." அம்மா, 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழாக இரும்புக்கை மாயாவி வந்தபோது உங்கள் அப்பாவும் சித்தப்பாவும் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தார்கள். உங்கள் பாட்டி இதே வார்த்தையால் திட்டினார்கள். அந்த மாயாவி வாசகர்களில் பலர்தான் பிற்பாடு ஜெயகாந்தனையும் கி.ராஜநாராயணனையும் தேடிப் போனவர்கள். இந்தக் கூட்டத்திலேயே நரைத்த தலையோடு நாலு பேர் புன்னகைப்பது எனக்குத் தெரிகிறது. எல்லோரும் அப்படிப் போனார்கள் என்று சாதிக்க மாட்டேன். சிலர் மாயாவியோடு நின்றுவிட்டார்கள். நிற்கட்டுமே, மாயாவியாவது படித்தார்களே!

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் நான்சி ஆட்வெல் என்று ஓர் ஆசிரியை. வகுப்பறை நிறையப் புத்தகம் வைத்து, எதைப் படிப்பது என்பதைப் பிள்ளைகளிடமே விட்டவர். அவர் பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுக்குச் சராசரியாக 40 புத்தகம் படித்தார்கள். 2015இல் முதன்முதலாக உலக ஆசிரியர் பரிசு கொடுத்தபோது, பத்து லட்சம் டாலரை அவருக்குத்தான் கொடுத்தார்கள். அவர் அதைப் பள்ளிக்கே கொடுத்துவிட்டார். வசதியுள்ள நாடு, சிறிய பள்ளி, நம்மோடு ஒப்பிட முடியாது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமைக்குத் தனியாகச் செலவு ஒன்றும் இல்லையே.

நம் அரசும் சும்மா இருக்கவில்லை. வாசிப்பு இயக்கம் என்று தொடங்கி, அரசுப் பள்ளிகளுக்குச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களை அனுப்பியிருக்கிறார்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள். அழகான யோசனை. ஆனால் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த 'நட', 'ஓடு' எல்லாம் புத்தகத்தின் அட்டைக்கு உரியவை. பிள்ளையின் நெற்றியில் ஒட்டிவிடாதீர்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி 'நுழை' புத்தகத்தை எடுத்தால், 'இதெல்லாம் சின்னப் பசங்க படிக்கிறது' என்று சொன்னீர்களானால், மறுநாள் அவள் வேறு புத்தகம் எடுப்பாள் என்று நினைக்கிறீர்களா? எதுவுமே எடுக்க மாட்டாள்.

படித்து முடித்தவுடன் 'சுருக்கம் எழுதிக் கொண்டு வா' என்கிறோமே, அதுவும் வேண்டாம். பாதியில் வைத்துவிட்டால் திட்டவும் வேண்டாம். பிரான்சில் டேனியல் பென்னாக் என்ற எழுத்தாளர், அவரும் பள்ளி ஆசிரியராக இருந்தவர், 1992இல் வாசகனின் உரிமைகள் என்று பத்து எழுதினார். படிக்காமல் இருக்கும் உரிமை, பக்கங்களைத் தாண்டிப் போகும் உரிமை, பாதியில் விடும் உரிமை என்று போகிறது அந்தப் பட்டியல். பெரியவர்கள் நாம் இவை அத்தனையையும் தினமும் அனுபவிக்கிறோம். அலமாரியில் பாதி படித்த புத்தகம் இல்லாதவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். ஒருவரும் இல்லை! பிடிக்காததை ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றைத் தேடுவதும் படிப்பில் சேர்ந்ததுதான்.

'அப்படியானால் கண்டதையும் படிக்கலாமா' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரியவர்களுக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. நம் வேலை அடுக்கை நிரப்புவது. புத்தகம் வாங்கும்போது எவ்வளவு கண்டிப்பாக வேண்டுமானாலும் இருங்கள். கதை, அறிவியல், பூச்சி, கிரிக்கெட், பேய்க்கதை, பாட்டு எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்குங்கள். அச்சுப்பிழை மலிந்த, பார்வையை உறுத்தும் மலிவுப் பதிப்பைத் திருப்பி அனுப்புங்கள். பிள்ளைகளையே ஒரு நோட்டில் வேண்டியதை எழுதச் சொல்லுங்கள். அடுக்கி முடித்தபின் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நில்லுங்கள். கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் அருகில் உட்கார்ந்து உங்கள் புத்தகத்தை நீங்கள் படியுங்கள்.

அடுத்தது பரிசளிப்பு என்று தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். மேசையில் பரிசுப் புத்தகங்களுக்கு வண்ணக் காகிதம் சுற்றி, பிள்ளைகளின் பெயரை ஒட்டி வைத்திருக்கிறார்கள். நூலகர் அனுமதித்தால் அந்தக் காகிதங்களைப் பிரித்துவிடலாம். புத்தகங்களை மேசையில் பரப்பி வைப்போம், முதல் பரிசு, மூன்றாம் பரிசு பார்க்காமல் சின்ன வகுப்பிலிருந்து ஒவ்வொருவராக வந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை, புகைப்படக்காரர் காத்திருப்பார். பெற்றோர்கள் மட்டும் தயவுசெய்து எழுந்து வராதீர்கள், அங்கிருந்தபடி கண்ஜாடையும் காட்டாதீர்கள்.