கை மாறலாம், கண் மாறலாகாது
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு மலருக்கான படங்களையும், உறுப்பினர் இல்லங்களிலுள்ள பழைய நிழற்படங்களையும் செப்பனிடும் பணியைப் பல ஆண்டுகளாக நாங்கள் செய்து வருகிறோம். அதற்கு இதுகாறும் துணையாயிருந்த ஃபோட்டோஷாப் என்னும் மென்பொருளை விடுத்து, இவ்வாண்டு கிம்ப் என்னும் மென்பொருளை மேற்கொண்டோம். அதனால் அடைந்த படிப்பினையைக் கூறுமாறு செயற்குழு பணித்தது.

ஃபோட்டோஷாப், தாமஸ் நால், ஜான் நால் என்னும் உடன்பிறந்தார் இருவரின் முயற்சியால் உருவாகி 1990ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் ஆற்றலில் குறை காண்பது எங்கள் நோக்கமன்று. 2013 முதல் அதன் புதிய பதிப்புகள் சந்தா முறையில் வழங்கப்படுகின்றன. ஆண்டுக்கு ஒரு மலர் வெளியிடும் நமக்கு அச்செலவு தாங்காது. கிம்ப், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்னும் மாணவர்கள் தொடங்கியது. 1996இல் மக்கள் கைக்கு வந்தது. அதனை யாவரும் விலையின்றிப் பெறலாம்.

பல ஆண்டுப் பழக்கம் இருக்கிறதே, இரண்டு நாளில் தேர்ந்துவிடலாம் என்று இறுமாந்திருந்தோம். நடந்ததோ வேறு. முன்பின் அறியாத பள்ளி மாணவன் ஒருவன் எங்களருகே அமர்ந்து ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டான். நாங்கள் ஒரு மாதம் தடுமாறினோம். காரணம், எங்கள் விரல்கள் எங்களைக் கேளாமலே ஓடின. அங்கே தூரிகைக்கு ‘பி’ என்னும் விசை. இங்கே அவ்விசையை அழுத்தினால் கோடு வரையும் வேறொரு கருவி வந்து நிற்கும். படத்தின் ஓரிடத்தை எடுத்து மற்றோரிடத்தில் ஒட்டுவதற்கு, எடுக்கும் இடத்தை அங்கே ‘ஆல்ட்’ விசையுடன் சொடுக்கினோம். இங்கே ‘கண்ட்ரோல்’ விசையுடன் சொடுக்க வேண்டும். இங்கே ஒவ்வோர் அடுக்கிற்கும் தனித்தனி எல்லை உண்டு. அவ்வெல்லைக்கு அப்பால் தீட்டியது பதியாதபோது, கணினி கெட்டதென்று அதனை இரு முறை அணைத்து ஏற்றினோம்!

இந்த ஊருக்கு வந்த புதிதில் கடைத்தெருவில் நாமெல்லோரும் பட்ட பாடுதான் இது. வேண்டும் பொருள் தெரியும். அதன் பெயர்தான் வாயில் வராது. விசைகளை நம் பழக்கத்திற்கேற்ப மாற்றியமைக்கவும் கிம்ப்பில் வழியுண்டு. ஆயினும் மாற்றவில்லை. வந்த ஊரின் மொழியைக் கற்பதே மேல் என்று துணிந்தோம்.

எங்களை மிகவும் சினமூட்டியது மற்றொன்று. கிம்ப்பில் ‘சேமி’ என்றால் ஜேபெக் படம் கிடைப்பதில்லை. அது தனக்குரிய எக்ஸ்.சி.எஃப். கோப்பாகவே சேமிக்கும். ஜேபெக் வேண்டுமெனில் ‘ஏற்றுமதி’ எனத் தனியே கட்டளையிட வேண்டும். இதறியாது முதற் படத்தை எக்ஸ்.சி.எஃப். கோப்பாகவே அச்சகத்திற்கு அனுப்பினோம். அங்கே அதனைத் திறக்கவே இயலவில்லை. “ஒரு வேலைக்கு இரண்டு கட்டளையா?” என்று முணுமுணுத்தோம்.

அன்பர்களே, அந்த முணுமுணுப்பை அடக்கிய நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறோம். முன்பொரு முறை, மறைந்த அம்மையார் ஒருவரின் படத்தைச் செப்பனிட்டுக் கொடுத்தோம். மடிப்பும் கறையும் நீங்கிப் படம் புதிதுபோல் ஆயிற்று. அதைக் கண்ட அவர் மகள் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் அம்மாவின் மோவாயில் ஒரு மரு இருக்குமே!” என்றார். கறையென்று எண்ணி அதனையும் துடைத்திருந்தோம். பழைய வேகத்தில், வருடிப் பெற்ற மூலக் கோப்பின் மேலேயே சேமித்தும் விட்டோம். தாளில் இருந்த படமோ ஊருக்குத் திரும்பி, அவ்வாண்டு மழையில் நனைந்து பாழாயிற்று. குற்றம் மென்பொருளினுடையதன்று, எங்கள் அவசரத்தினுடையது. ‘சேமி’ என்றதும் மூலத்தின் மேல் எழுதாத வழக்கம் அன்று இருந்திருந்தால், அந்த மரு பிழைத்திருக்கும்.

ஆகவே, மாற விரும்புவோர்க்குச் சில சொல்வோம். பழைய மென்பொருள் கையிலிருக்கும்போதே பி.எஸ்.டி. கோப்புகளையெல்லாம் திறந்து, ஒவ்வொன்றிற்கும் டிஃப் படி ஒன்று எடுத்து வையுங்கள். கிம்ப் பி.எஸ்.டி.யைத் திறக்குமாயினும், உள்ளிருப்பவை யாவும் அப்படியே வருவதில்லை. பழைய படங்களை அங்குலத்திற்கு 600 புள்ளி வீதம் வருடுங்கள். இரண்டுக்கு மூன்று அங்குலப் படமும் அதனால் நான்குக்கு ஆறாக, 300 புள்ளி வீதம் தெளிவாக அச்சேறும். அம்மூலக் கோப்பினைத் தொடாமல், அதன் படியிலேயே வேலை செய்யுங்கள். படத்தில் இருப்பவரை அறிந்த ஒருவரை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். எது கறை, எது மரு என்பதை எந்த மென்பொருளும் அறியாது.

விரற்பழக்கம் ஒரு மென்பொருளோடு வந்து, அதனோடே போய்விடும். உற்று நோக்கும் கண்ணோ எங்கும் உடன்வரும். தடுமாறியபோது மெல்லச் செய்தோம்; மெல்லச் செய்ததால் நன்றாகப் பார்த்தோம். இவ்வாண்டு மலரிலுள்ள பழைய படங்களில் முதியோர் முகங்களின் சுருக்கமும் தழும்பும் அப்படியே இருக்கக் காண்பீர்கள். அவற்றை வேண்டுமென்றே விட்டுவைத்தோம்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் உறங்கும் படங்களைக் கொண்டுவாருங்கள். மூலத்திற்கு ஊறு நேராது என இச்சபையில் உறுதி கூறி அமர்கிறோம்.