ரிமோட் பெட்டி யார் கையில்?

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஜப்பான்ல ஆறு வருஷம் இருந்தியேப்பா, அதைப் பத்திப் பேசு" என்றார் செயலாளர். புல்லட் ரயிலைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பார். நான் பேசப் போவது ராட்சத ரோபோக்களைப் பற்றி. பின்வரிசையில் மாணவர்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள், இந்த விஷயத்தில் நீங்கள் எனக்கு சீனியர்கள்!

கோபே நகரத்தின் நகாதா பகுதியில், ஒரு பூங்காவில், இரும்பு பூதம் ஒன்று கையை ஓங்கி நிற்கிறது. நிமிர்ந்து நின்றால் 18 மீட்டர். பெயர் 'தெத்சுஜின் 28'. தெத்சுஜின் என்றால் இரும்பு மனிதன். 1995 நிலநடுக்கத்தில் நொறுங்கிப்போன அந்தப் பகுதி மீண்டு எழுந்ததற்கு அடையாளமாக 2009-இல் நிறுவினார்கள். இதைப் படைத்த மாங்கா ஓவியர் மிட்சுதெரு யோகோயாமா கோபேக்காரர்.

1956-இல் தொடங்கிய கதை அது. போர்க்காலத்தில் ராணுவம் ரகசிய ஆயுதமாகத் திட்டமிட்ட ரோபோ, ஷோதாரோ என்ற சிறுவனிடம் வந்து சேருகிறது. அதற்குச் சொந்தப் புத்தி கிடையாது. ஒரு ரிமோட் பெட்டி உண்டு. பெட்டி பையன் கையில் இருந்தால் ஊரைக் காப்பாற்றும். திருடன் கையில் சிக்கினால் அதே ஊரை இடிக்கும். பூதத்துக்கு நல்லது கெட்டது தெரியாது, பெட்டியை மட்டும்தான் தெரியும்.

1972-இல் கோ நாகாய் என்பவர் 'மசிங்கர் இசட்' வரைந்தார். அதில் பெட்டியே இல்லை. கோஜி என்ற இளைஞன் ரோபோவின் தலைக்குள்ளேயே உட்கார்ந்து ஓட்டுகிறான். அப்பாடா, இனி திருட்டுப் பயமில்லை என்று தோன்றுகிறது அல்லவா?

1989-இல் மமோரு ஓஷி இயக்கிய 'பட்லேபர்' திரைப்படம் அந்த நிம்மதியையும் கெடுத்தது. கட்டட வேலைக்கு ரோபோக்கள் ஓடும் டோக்கியோ. புதிதாக ஒரு மென்பொருள் வருகிறது. வேலை பிரமாதமாக நடக்கிறதே என்று ஆளாளுக்கு ஏற்றிக்கொள்கிறார்கள். எழுதியவன் உள்ளே ஒரு சூழ்ச்சியை ஒளித்துவைத்து, தன்னைப் பற்றிய பதிவுகளையெல்லாம் அழித்துவிட்டு, கடலில் குதித்துச் செத்தும் போகிறான். பலத்த காற்றில் உயரமான கட்டடங்கள் ஓலமிட்டால் போதும், ரோபோக்கள் வெறிபிடித்து ஆடும். உள்ளே உட்கார்ந்திருப்பவன் லீவரை இழுத்து என்ன பிரயோஜனம்?

நம் செல்போனை எடுத்துக்கொள்ளுங்கள். நாமெல்லாம் கோஜி என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் யாரோ எழுதியதற்கு, படிக்காமலே 'சரி' என்று தட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறோம்.

இதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை. குற்றவாளியாகச் சொல்கிறேன்.

போன வருஷம் ஒரு நாள், விடுதித் தோழன் ஒருவன் படத்தோடு எனக்குச் செய்தி வந்தது. "டேய் மாப்ளே, ஆஸ்பத்திரியில இருக்கேன், அவசரம்டா." எங்கள் அறை எண்கூடச் சரியாக இருந்தது. நாற்பதாயிரம் அனுப்பிவிட்டேன். ராத்திரி போன் செய்தால், அவன் வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்!

திருடனுக்கு அறை எண் எப்படித் தெரிந்தது? எங்கள் செட் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிய பட்டியலைத் தவிர அது வேறெங்கும் இல்லை. பெயர், பிறந்த நாள், விலாசம், செல் நம்பர், அறை எண் எல்லாம் அதில் உண்டு. ஆசை ஆசையாக அதைத் தட்டச்சு செய்து, யாரையும் கேட்காமல் எல்லோருக்கும் அனுப்பியவன் நானேதான். அது எத்தனை கை மாறியதோ!

என் பணம் போனது பெரிதில்லை. இருபத்தைந்து வருஷம் கழித்து எங்களைத் தேடி வந்த ஒரு தோழிக்கு, அந்தப் பட்டியல் வெளியே போன பிறகு, முகம் தெரியாதவர்கள் நள்ளிரவில் போன் செய்யத் தொடங்கினார்கள். அவர் நம்பரை மாற்றினார், குழுவை விட்டும் போய்விட்டார். இன்றும் வரவில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். நம் சங்கம் இப்போது எல்லா ஆண்டினருக்கும் சேர்த்து ஒரு முகவரிப் புத்தகம் போடப்போகிறது. என் வேண்டுகோள் மூன்று. ஒவ்வொருவரையும் கேட்டபிறகே அச்சிடுங்கள். பெயர், படித்த ஆண்டு, ஊர் போதும். மற்றது வேண்டுமென்றால் செயலாளர் மூலம் கேட்கட்டும். 'என்னை எடுத்துவிடுங்கள்' என்று யாராவது சொன்னால், காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

தம்பி தங்கைகளே, நாளைக்கு மென்பொருள் எழுதப்போவது நீங்கள்தான். அடுத்தவர் பெட்டி உங்கள் கையில் வந்து சேரும். அப்போது ஷோதாரோவாக இருங்கள்.

அடுத்த ஆண்டு அந்தத் தோழி இந்த மண்டபத்துக்கு வர வேண்டும். நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டியது என் பாக்கி.