பிள்ளையின் பையில் ஒரு கடிதம்

அன்பான தாத்தா பாட்டிகளே,

சிங்கப்பூரில் தாதியர் பள்ளிக்கே வந்து, உங்கள் பேரப்பிள்ளைகளின் உயரம், எடை, கண்பார்வை ஆகியவற்றைப் பரிசோதிக்கிறார்கள். தொடக்கநிலை 5 மாணவர்களுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். அதற்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். மேலும் பரிசோதனை தேவைப்படும் பிள்ளைகளை மருத்துவரிடம் அனுப்புகிறார்கள்.

அதற்கான கடிதம் பிள்ளையின் பையில் வரலாம். மகனும் மகளும் வேலையில் இருக்கும்போது, அந்தப் பையைத் திறப்பவர் நீங்கள்தான். கடிதத்தை அன்றிரவே அவர்களிடம் கொடுங்கள்.

கிட்டப்பார்வை உள்ள பிள்ளை, பலகை எல்லாருக்கும் மங்கலாகத்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும், வாய்திறந்து சொல்லாது. "கண்ணாடி போட்டால் பார்வை இன்னும் கெட்டுப்போகும்" என்ற பயம் வேண்டாம். குறித்த நாளில் பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.