காமாலையும் கணையப் புற்றும்
(தொண்டூர்க் கூட்டத்தில் பேசியதின் சாரம்)



இந்தச் செஞ்சி வட்டாரத்தில் ஒருவருக்குக் கண் மஞ்சளானால் முதலில் நடப்பது என்ன? வேப்பிலை கொண்டு மந்திரிப்பது. பிறகு கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுப்பது. உப்பு புளி நிறுத்திப் பத்தியம் வைப்பது. பலருக்குக் குணமாகியும் விடுகிறது. ஏனெனில், கிருமியால் வரும் சாதாரணக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். பெருமை மாத்திரம் மந்திரக்காரருக்கு, தட்சணையும் அவருக்கே!

ஆனால், கணையத்தின் தலைப்பாகத்தில் புற்று வளர்ந்து பித்தக்குழாயை நெருக்கினாலும் கண் மஞ்சளாகத்தான் செய்யும். வலிகூட இல்லாமலிருக்கலாம். உடம்பு அரிக்கும், மலம் வெளுக்கும், ஆள் இளைத்துப் போவார். இந்நோயைக் குணப்படுத்த வேண்டுமானால், அது பரவுமுன் அறுத்தெடுத்தாக வேண்டும். மூன்று மாதம் பத்தியமிருந்துவிட்டு வருகிறவருக்கு அந்த வழி அடைபட்டுப் போயிருக்கலாம்.

"அப்படியானால் பச்சிலை வைத்தியமெல்லாம் பொய்யா?" என்று கேட்பீர்கள். நாம் அப்படிச் சொல்ல வரவில்லை. இந்நோய்க்கு இன்று கொடுக்கப்படும் மருந்துகளிலேயே இரண்டு, மரத்திலிருந்து வந்தவைதான். சீனத்து மரமொன்றிலிருந்து காம்ப்டோதெசின் என்ற சத்தை 1966-ல் அமெரிக்காவில் பிரித்தெடுத்தவர்களில் ஒருவர், நம் நாட்டு நந்துர்பாரில் பிறந்த மன்சுக் வாணி. அந்தச் சத்து நமது மேற்குத் தொடர்ச்சி மலை மரமொன்றிலும் இருக்கிறது. ஆனால் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது கடுமையான கெடுதல் கண்டு நிறுத்திவிட்டார்கள். பிறகு அதை மாற்றியமைத்துத்தான் இரினோடெக்கான் வந்தது. 2011-ல் வெளிவந்த பரீட்சையில், நோய் பரவியவர்களுக்கு அதை வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்ததில், 6.8 மாதமாயிருந்த நடுத்தர ஆயுள் 11.1 மாதமாயிற்று. யூ மரப்பட்டையில் கிடைத்த பக்ளிடாக்செல்லும் 2013-ல் இந்நோய்க்கு அனுமதி பெற்றது. அவ்வளவுதான் கிடைத்த லாபம். பூரண குணமென்று அந்த டாக்டர்களே சொல்லிக் கொள்ளவில்லை.

நம் மஞ்சளையும் அவர்கள் விடவில்லை. 2008-ல் வெளிவந்த பரீட்சையில், மஞ்சளின் சத்தைத் தினம் 8 கிராம் கொடுத்து 21 பேரைக் கணக்கிட்டார்கள். இருவருக்கே ஏதோ பலன் தெரிந்தது. விழுங்கியதில் இரத்தத்தில் சேர்ந்ததே சொற்பம். இதைச் சொல்ல அவர்கள் வெட்கப்படவில்லை. தோற்றதையும் அச்சிட்டுக் காட்டுகிற வழக்கம் எந்த மந்திரக்காரரிடமாவது உண்டா?

"கீழாநெல்லி கெடுதலா?" என்று ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். கெடுதல் கீழாநெல்லியிலில்லை, அதை நம்பிக் காத்திருக்கும் நாட்களில்தான் இருக்கிறது. கண் மஞ்சளானால் அந்த வாரமே இரத்தம் கொடுத்து, வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். வேண்டுமானால் புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது.