காலடியில் விரியும் பாலை



பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டத்தின் கவியரங்குகளில் அடிக்கடி ஒலிக்கும் சொற்களுள் ஒன்று பாலை. தனிமைக்குப் பாலை, வறுமைக்குப் பாலை, காதல் தோல்விக்கும் பாலை. வெறுமையின் மறுபெயராகவே அச்சொல்லை நாம் ஆண்டு வருகிறோம். தார்ப் பாலையை நடந்து கண்டவர் அவ்வாறு ஆளத் தயங்குவர் என்பதே என் உரையின் கரு.

மணலில் ஏறும் ஜீப் இல்லாமல் பாலைவனம் காண இயலுமா என்று கேட்பவர் உண்டு. இயலும். ராஜஸ்தானில் ஜோத்பூரிலிருந்து ஜெய்சால்மருக்குத் தொடர்வண்டி செல்கிறது. அங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள சாம் மணற்குன்றுகளின் ஓரம் வரை தார்ச்சாலை உண்டு. தென்மேற்கே 50 கி.மீ. அளவிலுள்ள குரி என்னும் சிற்றூருக்குப் பேருந்திலேயே போகலாம். ஊர் முடியுமிடத்தில் மணல் தொடங்கும். அதற்கப்பால் கால்களே ஊர்தி, களைத்தால் ஒட்டகம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். போதிய நீரும் உள்ளூரார் ஒருவரின் துணையும் வேண்டும். எல்லைப்புறப் பகுதிகளுக்கு அரசின் முன்அனுமதியும் வேண்டும். நம் இலக்கணம் நண்பகலைப் பாலைக்குரிய சிறுபொழுதாக வகுத்தது. மணலில் நடப்பவரோ விடியலையும் மாலையையும் தேர்ந்து, நண்பகலில் நிழலுக்கு ஒதுங்குவதே அறிவுடைமை.

நடப்பவர் காண்பது என்ன? தார் முழுவதும் மணல் அன்று. ஜெய்சால்மரைச் சூழப் பாறையும் பரற்கல்லும் புதரும் புல்லும் விரிந்து கிடக்கின்றன. அந்நிலத்தின் கேஜ்ரி மரம் நமக்கு அயலானதன்று. நம் சிவாலயங்கள் பலவற்றில் தலமரமாக விளங்கும் வன்னியே அது. அதன் காய் அங்குக் கறியாகிறது. தழை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீனியாகிறது. 1730ஆம் ஆண்டில், ஜோத்பூருக்கு அருகே கேஜர்லி என்னும் ஊரில் இம்மரங்களை வெட்டவந்த அரசனின் ஆட்களைத் தடுத்து, அமிர்தாதேவியும் அவரைப் பின்பற்றிய பிஷ்னோய் மக்களுமாக 363 பேர் உயிர் நீத்தனர். வெறுமைக்காக எவரும் உயிர் கொடுப்பதில்லை.

அடுத்து, கடீன் என்னும் நீர்த்தேக்க முறை. சரிவின் அடியில் நீண்டதொரு மண்கரை. பாறை மேட்டில் பெய்யும் சிறுமழை வழிந்தோடி, கரையின் உட்புறம் தேங்கி, மண்ணில் ஊறும். நீர் வற்றியபின் எஞ்சிய ஈரத்தைக் கொண்டே பனிக்காலத்தில் கோதுமையும் கடலையும் விளைவிப்பர். பாலிவால் பிராமணர் பல நூற்றாண்டுகட்கு முன் வளர்த்த முறை இது. விரையும் வண்டிக்கு அக்கரை வெறும் மேடு; நடப்பவருக்கு அதுவே ஓர் ஊரின் உணவு.

இந்நிலத்துப் புல்வெளிகளில்தான் கானமயில் வாழ்கிறது. இருநூறுக்கும் குறைவாகவே அப்பறவைகள் எஞ்சியிருப்பதாக மதிப்பிடப்படுகிறது. மின்கம்பிகளில் மோதி இறப்பது இன்று அதற்கு நேர்ந்துள்ள பெருங்கேடு. எனினும், வெறுந்தரையில் பெரும்பாலும் ஒற்றை முட்டையிடும் பறவை அது. நினைத்த திசையெல்லாம் சக்கரங்கள் உருளுமாயின் அம்முட்டையின் கதி என்ன? பாலையில் ஒன்றுமில்லை என்ற எண்ணமே அங்கு வண்டியைக் கண்டபடி ஓட்டச் செய்கிறது. ஆகவே நம் உவமைக்கும் பொறுப்பு உண்டு.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்றார் இளங்கோவடிகள். சங்கப் புலவர் தாரைப் போன்ற மணற்பரப்பைப் பாடினாரல்லர். கோடையில் காய்ந்த காட்டுவழியைப் பாடினர். ஆயினும் அவ்வழியில் பிரிந்து சென்றவர் நடந்தே சென்றனர். அதனாலன்றோ, பிடியின் பசி தீர்க்க யாமரத்தின் பட்டையை உரிக்கும் களிறு பாட்டில் இடம்பெற்றது? வறண்ட வழியிலும் அன்பைக் கண்டது நடப்பவரின் கண்.

எல்லோரும் தாருக்குச் செல்ல வேண்டும் என்று நான் கூறவில்லை. பாலை என்று எழுதுமுன், அங்கே வாழ்பவர் யார், உண்பது எது, நீரைச் சேர்ப்பது எவ்வாறு என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம். விடை கிடைத்தபின்னும் அச்சொல் வெறுமையைக் குறிக்குமாயின், தாராளமாக ஆளுங்கள்.

அடுத்த பத்தாண்டில் வட்டத்தின் கவிதைகள் நிலமறிந்து மலர்க என வாழ்த்தி அமைகிறேன்.