நம் கடற்கரையின் எபிரேய ஏடுகள்

பிள்ளைகளைப் படிக்க வைத்து இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, பட்டம் பெறும் மாணவ மாணவியரே, நான் நேராகச் சொல்ல வந்த விஷயத்துக்குப் போகிறேன்.

என் தொழில் பழைய எழுத்துகளைப் படிப்பது. கல்லிலும் செம்பிலும் வெட்டியதைப் படித்துச் சொல்லித்தான் இத்தனை காலம் சம்பளம் வாங்கினேன். நான் கற்ற காலத்தில் தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மீட்டர்கேஜ் மின்ரயில்தான். பெருங்களத்தூர், பீர்க்கன்கரணைப் பக்கமெல்லாம் ஏரியும் வயலும் பனையுமாக இருந்தன. ரயிலில் இடம் கிடைத்தால் மடியில் மைப்படிகளின் நகலை விரித்துவைத்துக்கொண்டு வட்டெழுத்தைக் கூட்டிப் படித்துக்கொண்டே போவோம். எதிரில் இருப்பவர்கள் ஜாதகம் என்று நினைத்து, தங்கள் மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டிருக்கிறார்கள்.

அந்த நாட்களில் எங்கள் பேராசிரியர் எங்களைக் கொச்சிக்கு அழைத்துப் போனார். மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி யூதர்களின் தொழுகைக் கூடம் இருக்கிறது. அங்கே பாதுகாக்கப்படும் செப்பேடுகளைப் பற்றி முன்பே பாடம் நடத்தியிருந்தார். ஏறத்தாழ கி.பி. 1000-ஆம் ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டில் இருந்துகொண்டு யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையையும் 72 உரிமைகளையும் அளித்த ஏடு அது. பகல்விளக்கு, குடை, பறை என்று ஒரு பெருந்தலைவனுக்கு உரிய சிறப்புகள் அதில் வருகின்றன. எழுத்து, நம் வட்டெழுத்து. மொழி, தமிழ் தெரிந்தவர் காது கொடுத்தால் பிடிபடுகிற மொழி. கல்வெட்டறிஞர் ஹூல்ச் பதிப்பித்த பாடத்தை வைத்துக்கொண்டு நாங்கள் வரிவரியாகப் படித்தோம். அதே வளாகத்தில் எபிரேயக் கல்வெட்டுகளும் இருந்தன. அவற்றின் முன் நின்றபோது எங்களில் ஒருவருக்கும் ஓர் எழுத்துக்கூடத் தெரியவில்லை. காலடியில் இருந்த நீலமும் வெள்ளையுமான ஓடுகள் சீனத்தின் காண்டனிலிருந்து கப்பலில் வந்தவை என்று காட்டினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் எசக்கியேல் ரஹாபி என்ற யூத வணிகர் வரவழைத்தவை. யூதரும் சீனமும் நம் கடற்கரையும் ஒரே கூடத்துக்குள் இருந்ததை அன்று பார்த்தேன். அதன் முழுப்பொருள் விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

விளங்க வைத்தவர் ஒரு சீனத்து மாணவி.

வெளிநாட்டு நூலகம் ஒன்றில் வேலையாக இருந்தேன். பக்கத்து மேசையில் ஓர் இளம்பெண் எபிரேய எழுத்தில் இருந்த ஒரு கடிதத்தின் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹெனான் மாகாணத்துக்காரர். பேச்சுக் கொடுத்ததில், யூதப் பண்பாட்டில் ஆய்வுப் பட்டத்துக்குப் படிக்கிறார் என்று தெரிந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது கெய்ரோ கெனிசாவின் ஏடு. பழைய கெய்ரோவில், ஃபுஸ்தாத்தில் உள்ள பென் எஸ்ரா தொழுகைக் கூடத்தில் ஓர் அறை இருந்தது. கடவுளின் பெயர் எழுதிய தாளை அழிக்கக்கூடாது என்பதால் யூதர்கள் நூற்றாண்டுக் கணக்கில் பழைய தாள்களையெல்லாம் அதில் போட்டுவைத்தார்கள். வேதநூல் மட்டுமல்ல, கடைக்கணக்கு, திருமண ஒப்பந்தம், சண்டைக் கடிதம் எல்லாம் அதில் சேர்ந்தன. சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் 1896-97-இல் அவற்றில் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். அங்கே மட்டும் ஏறத்தாழ இரண்டு லட்சம் துணுக்குகள் இருக்கின்றன.

அந்த மாணவி படித்துக்கொண்டிருந்த கடிதம், ஏடனிலிருந்து ஆபிரகாம் பென் யீஜு என்ற வணிகருக்கு எழுதியது. துனீசியாவில் பிறந்த அந்த யூதர், ஏறத்தாழ 1132 முதல் 1149 வரை மங்களூரிலும் மலபார்க் கரையிலும் வாழ்ந்தார். அடிமையாக இருந்த ஆஷு என்ற இந்தியப் பெண்ணை விடுதலை செய்து குடும்பம் நடத்தினார். மிளகு, இரும்பு, பாக்கு எல்லாம் இங்கிருந்து போயின. தாளும் சர்க்கரையும் உலர்திராட்சையும் அங்கிருந்து வந்தன. அவரிடம் ஒரு பித்தளைப் பட்டறையும் இருந்தது. மாணவியின் குழப்பம் அந்தப் பட்டறையில்தான். ஏடனில் உள்ளவர்கள் உடைந்த செம்பையும் பித்தளையையும் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள். இன்ன அளவில் தட்டு, இன்ன அமைப்பில் விளக்கு என்று செய்யச் சொல்லித் திரும்ப வாங்குகிறார்கள். உடைந்த சாமானை எதற்காக இவ்வளவு தூரம் கடல்கடந்து அனுப்ப வேண்டும், எழுத்தைத் தவறாகப் படித்துவிட்டேனோ என்று அவருக்குச் சந்தேகம்.

நான் சொன்னேன்: அம்மா, நீங்கள் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். எங்கள் ஊரில் இன்றும் பழைய பித்தளையைப் போட்டுப் புதுப் பாத்திரம் எடுப்போம். செய்கூலி, சேதாரம் பேசித்தான் கொடுப்போம். என் பாட்டி உடைந்த குத்துவிளக்கை ஓட்டைப் பித்தளை என்று எறிந்ததே கிடையாது, அதுதான் அடுத்த விளக்குக்கு முதல் என்பார். எங்கள் பக்கத்துக் கன்னார்களின் கைவேலைக்காகத்தான் ஏடன்காரர்கள் அனுப்பியிருக்க வேண்டும்.

அந்தப் பெண் உடனே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். சேதாரம் எப்படிக் கணக்கிடுவார்கள், உலோகக் கலவை என்ன, கன்னார்களும் தட்டார்களும் ஒருவரா வேறா என்று நூலகம் மூடும்வரை கேட்டார். நானும் கேட்டேன். அந்த ஏட்டில் எங்கள் கடற்கரையைப் பற்றி என்னவெல்லாம் இருக்கிறது, எந்த ஊர்ப்பெயர் வருகிறது என்று. அவர் படித்துச் சொல்லச் சொல்ல, நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த வரலாற்றில் பாதி அந்தத் தாள்களில் ஆள்பெயரோடு இருப்பதை உணர்ந்தேன். ஆஷு யார், எந்தக் குடும்பம், அவளைப் பெற்ற ஊர் அவளை என்னவென்று சொன்னது என்ற கேள்விகள் நம்முடையவை. அவற்றைத் தேடும் வசதி மட்டும் ஹெனானில் பிறந்த ஒரு பெண்ணிடம் இருந்தது.

அவருக்கு அந்தப் படிப்பு எப்படிக் கிடைத்தது? நான்ஜிங் பல்கலைக்கழகத்தில் ஷூ ஷின் என்ற பேராசிரியர் அமெரிக்க இலக்கியம் நடத்திக்கொண்டிருந்தார். தான் பாடம் எடுக்கும் எழுத்தாளர்களில் பலர் யூதர்கள் என்று கவனித்தார். 1986-இல் சிகாகோவுக்குப் போய் ஒரு யூதக் குடும்பத்தோடு தங்கினார். திரும்பி வந்து 1989-இல் யூதவியல் ஆய்வுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். 1992-இல் நான்ஜிங்கில் யூதவியல் மையம் வந்தது. அடுத்த ஆண்டே யூதக் கலைக்களஞ்சியம் ஒன்றைச் சீன மொழியில் கொண்டுவந்தார்கள். பிறகு முதுகலை, முனைவர் பட்டம் என்று வளர்ந்து, அங்கே படித்தவர்கள் வேறு பல்கலைக்கழகங்களிலும் பாடம் எடுக்கிறார்கள். சீனத்துக்கென்று ஒரு பழைய யூத வரலாறு உண்டு. கைஃபெங் நகரில் 1163-இல் தொழுகைக் கூடம் எழுந்தது, 1489-இலிருந்து கல்வெட்டுகளும் உண்டு. ஆனால் அந்தச் சமூகம் பெரும்பாலும் கரைந்துபோய்விட்டது. அக்கம்பக்கத்தில் கேட்டறிய யூதர்கள் இல்லாமலேயே அந்த மாணவர்கள் எபிரேயம் கற்றார்கள்.

சீனம் இஸ்ரேலோடு தூதரக உறவு கொண்டது 1992 ஜனவரியில். இந்தியாவும் அதே மாதத்தில்தான். இரண்டு நாடுகளும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்தன. சீனர்கள் அந்த ஆண்டிலேயே ஒரு மையம் எழுப்பினார்கள். தமிழ்நாட்டில் எபிரேயம் கற்பிக்கும் இடம் எது என்று கேட்டால், பாதிரியார்களை உருவாக்கும் இறையியல் கல்லூரிகளைத்தான் காட்ட முடியும். அவர்கள் வேதாகமத்துக்காகக் கற்பிக்கிறார்கள், அந்தத் தொண்டு பெரிது. ஆனால் வரலாறும் தமிழும் படிக்கும் மாணவர்கள் அந்த வகுப்புக்குப் போவதில்லை.

இத்தனைக்கும் நமக்கு இருக்கும் சொத்து நான்ஜிங்குக்கு இல்லை. கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில், 849-ஆம் ஆண்டு ஏட்டில், சாட்சிக் கையெழுத்துகள் அரபியிலும் பாரசீகத்திலும் எபிரேய எழுத்திலும் இருக்கின்றன. சென்னையிலேயே பவளக்காரத் தெரு இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் மத்தியதரைக்கடல் பவளத்தைக் கொடுத்து கோல்கொண்டா வைரத்தை வாங்கிய யூத வணிகர்களின் காலம் அந்தப் பெயரில் நிற்கிறது. 1688-இல் சென்னை மாநகராட்சி அமைந்தபோது ஆல்டர்மேன்கள் என்ற மூத்த உறுப்பினர்களில் யூதர்களும் இருந்தார்கள். அந்த யூத வணிகர்களில் ஒருவரான ஜாக் டி பைவா 1687-லேயே இறந்துவிட்டார் என்பதால் அவர் பெயரை அந்தப் பட்டியலில் தேடாதீர்கள். அவரது கல்லறையைத் தேடலாம். தங்கசாலைப் பக்கம் இருந்த பழைய யூதக் கல்லறைகளை 1983-இல் லாயிட்ஸ் சாலைக்கு மாற்றினார்கள். இந்தக் கல்லூரி வாசலில் பேருந்து ஏறினால் பிற்பகலுக்குள் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

தமிழ் மாணவருக்கு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் ஹாயிம் ராபின், வேதாகமத்தின் உன்னதப்பாட்டுக்கும் நம் சங்க அகப்பாடல்களுக்கும் உள்ள ஒற்றுமையைப் பற்றி 1973-இல் எழுதினார். ஆபிரகாம் மரியசெல்வம் என்ற தமிழறிஞர் அதே பொருளில் செய்த பெரிய ஆய்வு 1988-இல் ரோமில் நூலாக வந்தது. காதலியின் தனிமைக் குரலை இரண்டு மொழியிலும் மூலத்திலேயே கேட்டு எழுதியவர் அவர். தமிழ் முதுகலை வகுப்பில் எத்தனை பேர் அந்த நூலைத் தொட்டிருக்கிறோம்? எதிர்ப்பக்கம் பாருங்கள். டேவிட் ஷுல்மன் லண்டனில் தமிழ் கற்று, எருசலேமில் தமிழ் நடத்தி, 2016-இல் தமிழின் வரலாற்றை ஒரு நூலாகவே எழுதினார். சீன வானொலி 1963 முதல் தமிழில் ஒலிபரப்பியது. பெய்ஜிங்கில் தமிழ்ப் பட்டப்படிப்பும் இருக்கிறது. உலகம் நம்மைப் படிக்கிறது என்று மேடைதோறும் மகிழ்கிறோம். உலகத்தை அதன் மூலமொழியில் படிக்க நாம் யாரை அனுப்பினோம் என்பதுதான் என் கேள்வி. பிறர் பண்பாட்டைப் படித்துச் சொல்கிற அறிஞர் கூட்டம் இல்லாத மொழி, தன்னைப் பற்றிப் பிறர் சொல்வதை நம்பித்தான் இருக்க வேண்டிவரும்.

பாலஸ்தீனத்தில் நடப்பதைப் பார்த்து உங்களில் பலருக்கு மனம் கொதிக்கும். எனக்கும் கொதிக்கிறது. ஒரு மக்களின் பண்பாட்டைப் படிப்பது ஓர் அரசுக்கு வக்காலத்து வாங்குவது ஆகாது. ஷுல்மனே பாலஸ்தீன விவசாயிகளுக்குத் துணையாக நிற்கும் அமைப்பில் உழைப்பவர். தனக்குக் கிடைத்த இஸ்ரேல் விருதுப் பணத்தை அதற்கே கொடுத்தார். பென் யீஜுவுக்கு வந்த கடிதங்களும் எபிரேய எழுத்தில் எழுதிய அரபு மொழியில்தான் இருக்கின்றன. அந்தத் தாளைப் படிக்க இரண்டு பண்பாடும் தெரிய வேண்டும். சென்னையில் அரபு கற்க இடங்கள் இருக்கின்றன, அங்கும் போங்கள்.

பெற்றோர்கள் வேலை கிடைக்குமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் யூதர்கள் ஐயாயிரம் பேர்கூட இல்லை, இதைப் படித்து என்ன ஆகும் என்று தோன்றும். எல்லாப் பிள்ளைகளையும் நான் கேட்கவில்லை. இந்த அரங்கில் நூற்றுக்கணக்கானோர் பட்டம் வாங்குகிறீர்கள், இரண்டு மூன்று பேர் போதும். கெனிசா ஏடுகளை ஆராய்ந்த கோய்ட்டைன் 1950-களில் இந்திய வணிகர் கடிதங்களைத் தொகுக்கத் தொடங்கினார், அவர் இறந்த பிறகு ஃப்ரீட்மன் என்ற அறிஞர் முடித்து 2008-இல்தான் நூல் வந்தது. இது நீண்ட வேலை, ஆள் தேவைப்படுகிற வேலை. மலையாளமும் தமிழும் வட்டெழுத்தும் தெரிந்து, எபிரேயமும் தெரிந்தவர் உலகில் மிகச் சிலரே. அப்படி ஒருவருக்கு ஆய்வு உதவித்தொகை தேடித்தருவது என்னைப் போன்றவர்களின் பொறுப்பு. கெனிசாவின் ஏராளமான ஏடுகளைக் கேம்பிரிட்ஜ் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. உங்கள் கைபேசியிலேயே பார்க்கலாம்.

தாளாளர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஜூன் முதல் இந்தக் கல்லூரியில் வாரம் இரண்டு மாலை எபிரேய வகுப்பு தொடங்குங்கள். நகரத்து இறையியல் கல்லூரி ஒன்றோடு பேசினால் ஆசிரியர் கிடைப்பார். அதனோடு சேர்த்து வட்டெழுத்துப் பாடத்தை முதல் இரண்டு பருவத்துக்கு ஊதியம் இல்லாமல் நான் எடுக்கிறேன். சேர விரும்பும் பிள்ளைகள், படிப்பு முடிந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம், விழா முடிந்ததும் வரலாற்றுத் துறை அலுவலகத்தில் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள். நான் அங்கேதான் இருப்பேன்.